இரண்டு முழக் கறுப்புத் துணி

சிட்டாள் பொய் சொல்லத் தெரியாத மனுஷி அல்ல. நேற்றுச் சுட்ட வடையை முன்னால் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் சட்டியில இருந்து எறக்கினேன்" என்று முருகன்மேல் சத்தியம் பண்ணுவாள். முருகனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் "நான் சினிமாவில நடிச்சிருக்கேன்" என்று அவள் சொன்னது மட்டும் பொய்யில்லை.

போன வருஷம் இந்தியாவிலிருந்து ஒரு படப்பிடிப்புக் கூட்டம் கொழும்புக்கு வந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க ஜம்பட்டா வீதியை மறித்து வைத்திருந்தது. நடைபாதையில் வடைத்தட்டோடு குந்தியிருந்த சிட்டாளை எழுப்பப் போனவனைக் கண்ணாடி போட்ட ஒருவர் தடுத்து, "அந்தம்மா அப்படியே இருக்கட்டும்" என்றார். கதாநாயகன் வந்தான், குனிந்தான், வடையை எடுத்தான். சிட்டாள், "சூடா இருக்கு தம்பி, பாத்து" என்றாள். மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் அவன் வடையைக் கடித்துவிட்டுக் கமராவுக்குப் பின்னால் போய்த் துப்பினான். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் முதலில் கொழும்பின் வசதிக்காரப் பக்கமான வெள்ளவத்தைக்குத்தான் வந்தது. அங்கே அதைப் பார்த்தவள் மகள் ரமணி. கொட்டாஞ்சேனையில் நாற்பது வீட்டுக்கு இரண்டு தண்ணீர்க் குழாய் உள்ள 'தோட்டம்' என்ற அவர்களுடைய நெருக்கமான குடியிருப்பிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள். பௌதிகத்தில் பட்டம் வாங்கி ஒன்றரை வருஷமாகியும் நியமனக் கடிதம் வந்தபாடில்லை. வெள்ளவத்தையில் கதிர்காமநாதன் டொக்டரின் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டொக்டரின் மூத்த மகள் நேசமலர்தான் அவளைப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நல்ல தியேட்டர். படம் மழை பெய்து ஓய்ந்த வானம்போலத் துலக்கமாக விழுந்தது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதாநாயகன் குனிந்தான். திரையின் இடது பக்கக் கீழ் மூலையில், சுளகு அளவுக்கு, அம்மாவின் முகம். மூக்குத்தி, முன்பல் விழுந்த ஓட்டை, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு, எல்லாம் அப்படியே.

"பாருமன் ரமணி, அசல் வடைக்காரியையே பிடிச்சுக்கொண்டு வந்திருக்கினம்," என்று நேசமலர் காதுக்குள் சிரித்தாள். "பல்லைப் பாரும்."

"ஓம்," என்றாள் ரமணி. அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது சிட்டாள் கேட்டது ஒரே கேள்வி: "மூக்குத்தி தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சது. வா, நாளைக்கு அங்க போய்ப் பார்ப்பம்."

"அங்க என்னை யாருடி அறிவா? நம்ம கொட்டாஞ்சேனைக்கு வரட்டும். நம்ம சனத்தோட பாத்தாத்தான் பாத்த மாதிரி."

ரமணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வெள்ளவத்தையில் நேசமலரின் கண்ணில் அம்மாவோடு படமாட்டோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவள் பிறகு தன்னையே மனத்துக்குள் செருப்பால் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, படம் கொட்டாஞ்சேனை அழகம்மை தியேட்டருக்கு வந்தது. ஒரு வாரம்தான். அடுத்த வெள்ளி வேறு ஊருக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்னி ஷோவுக்குத் தோட்டமே கிளம்பிப் போனது. சிட்டாள் கல்யாணத்துக்கு மட்டும் உடுக்கும் நீலச் சேலையை உடுத்திருந்தாள்.

கதாநாயகன் வந்தான், குனிந்தான். அவனுடைய கை திரைக்குக் கீழே எங்கோ இருட்டுக்குள் போய் ஒரு வடையோடு திரும்பி வந்தது. "சூடா இருக்கு தம்பி, பாத்து" என்றது ஒரு குரல். அதுவும் சிட்டாளின் குரல் இல்லை. மதராசில் யாரோ ஒருத்தியைப் பேச வைத்திருந்தார்கள். எட்டு விநாடி. அதோடு காட்சி மாறிப் பாட்டு வந்துவிட்டது.

தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை செய்யும் நாகேந்திரத்தின் பெண்சாதி இரத்தினம்மா, எதிர்வீட்டுக்காரி, யாழ்ப்பாணத்து வாய். வெளியே வரும்வரை பொறுத்திருந்து, வாசலில் வைத்துச் சொன்னாள்: "சிட்டாள், உம்மட வடையைக் கண்டம். உம்மைத்தான் காணேல்லை."

சனம் சிரித்தது.

"குரலும் உம்மடை இல்லை. வடை மட்டும்தான் நடிச்சதோ?"

சிட்டாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ரமணி, "வெள்ளவத்தையில நான் என்ர கண்ணால பார்த்தனான்" என்று கத்தினாள். "ஓம் பிள்ளை, தாய்க்கு மகள் சாட்சி" என்றாள் இரத்தினம்மா. அதற்கும் சிரிப்பு.

திங்கட்கிழமை முழுக்கச் சிட்டாளுக்குப் பெயர் 'சினிமாக்காரம்மா'. வடை வாங்க வந்தவனெல்லாம் குனிந்து, "சூடா இருக்கா?" என்று பெண்குரலில் கேட்டுவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கு அந்தப் பக்கம், ஒருவரும் அறியாத மூலை ஒன்றில் போய்க் குந்தினாள். பதினெட்டு வருஷம் குந்திய இடத்தை விட்டு.

"ஏனம்மா அங்க போனாய்?"

"இங்க வெயிலு" என்றாள் சிட்டாள். அவளுடைய பொய்களிலேயே மோசமான பொய் அது.

ரமணி அன்றைக்கே அழகம்மை தியேட்டருக்குப் போனாள். வாசலில் டிக்கட் கிழிக்கும் றேமண்ட், "டீச்சர், ஷோ தொடங்க இன்னும் நேரம் இருக்கே" என்றான். அவள் பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி, படம் ஓட்டும் அறையின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

உள்ளே, எல்லாருக்கும் அண்ணன் முறையில் 'நானா'வான ஓப்பரேட்டர் ஸாலிஹ் பெனியனும் சாரமுமாக ரீல் சுற்றிக்கொண்டிருந்தார். அறை அடுப்படிபோல வெந்தது.

"நானா, உங்கட படத்தில கீழ்ப்பக்கத்தைக் காணேல்லையே, எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "மூணு வருசமா இப்பிடித்தான் ஈக்கிது தங்கச்சி. வடைக்காரம்மாட மகள்தானே? கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான். ஒக்காருங்கொ."

சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாகத் திரையைக் காட்டினார். வெள்ளைத் திரை. அதன் கீழ் விளிம்பில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், இரண்டு முழ உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணி.

"பெரிய நடிகர்ட படம் வந்தா மொத நாள் சூடம் காட்டுவாங்கதானே. வாசல்ல காட்டினா போதாதாம். மூணு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் தட்டோட மேடையில ஏறிட்டான். மொகத்துக்குக் காட்டத்தான் போனான். எட்டல்ல. மொழங்காலுக்குக் காட்டினான். ஸ்கிரீன் பத்திக்கிச்சு." ஸாலிஹ் நானா ஒரு கையால் நெருப்பு ஏறியதைக் காட்டினார். "வாளித் தண்ணி அடிச்சு நிப்பாட்டினோம். கரிஞ்ச எடத்த மறைக்க மொதலாளி துணி கட்டினாரு."

"அப்ப இந்த மூன்று வருஷமும் ஒருத்தருக்கும் கால் இல்லையா?"

"ஒருத்தருக்கும் இல்ல. ஆடுறவளுக்கு இல்ல, ஓடுறவனுக்கு இல்ல. காலுல விழுந்து அழுற சீன்ல விழுறவள் அப்பிடியே காணாமப் போவா. சனம் அழுவுது, ஆனா கேக்கல்ல."

ரமணிக்கு முகம் சுட்டது. அவளும் அந்த மூன்று வருஷத்தில் இந்தத் தியேட்டரில் இருபது படமாவது பார்த்திருப்பாள். ஒளி நேர்கோட்டில் போகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். கால் எங்கே என்று ஒருநாள் கேட்டதில்லை. தன் தாய் வெட்டுப்பட்ட பிறகுதான் கண் திறந்தது.

"வெளிச்சம் அந்தத் துணியிலயும் விழுகுதுதானே நானா?"

"விழுவுது. கறுப்புதானே, எல்லாத்தையும் தின்னுடும். ஒங்கட உம்மா அங்கதான் ஈக்கிறா. தெனம் மூணு தரம் வந்து வட விக்கிறா. கண்ணுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான்."

"மெசினை மேல தூக்கேலாதா?"

"ஏலும். பின்கால்ல திருகு ஈக்கிது. தூக்கினா ஹீரோட தல போயிரும். ஹீரோட தல போனா கெலரிக்காரன் ஏறி வந்து என்ட தலைய எடுப்பான்."

அங்கிருந்து நேரே முதலாளியின் அறைக்குப் போனாள். ஏகப்பன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மரியாதையான மனுஷன். தேத்தண்ணி வரவழைத்துவிட்டுத்தான் அம்மாவின் கதையைக் கேட்டார்.

"உக்காரு ஆத்தா. புதுத் திரை இறக்குமதி பண்ண பெர்மிட் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. வந்தா மாத்திடுவேன்."

"அதுவரைக்கும் அந்தத் துணியை எடுங்கோ. வியாழக்கிழமை மட்டுமாவது எடுங்கோ."

"கரிஞ்ச திரையில படம் காட்டவா? தொழில் பண்ற எடம். கரியைக் காட்டினா லெச்சுமி தங்குவாளா?"

"அப்ப மெசினைத் தூக்கச் சொல்லுங்கோ. அந்த ஒரு சீனுக்கு மட்டும்."

ஏகப்பன் சிரித்தார். "ஹீரோ தலை தெரியலேன்னா என் நாற்காலியெல்லாம் விறகாயிடும் ஆத்தா. உங்கம்மா தெரியலேன்னு யாராச்சும் ஒரு நாற்காலியை ஒடைச்சாங்களா, சொல்லு?"

"நிக்கிறவன் தலை போனாக் கதிரை உடையும். நிலத்தில குந்தியிருக்கிறவள் தலை போனா ஒண்டும் உடையாது. அப்படித்தானே முதலாளி?"

"நான் சொல்லலை. ஊர் சொல்லுது." மேசை லாச்சியைத் திறந்தார். "ரெண்டு பாஸ் தர்றேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்து பால்கனியில சௌகரியமா உக்காந்து பாரு."

"பால்கனியில இருந்து பார்த்தாலும் கறுப்பு கறுப்புத்தான்," என்றாள் ரமணி. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

வெளியே ஏணியடியில் ஸாலிஹ் நானா பீடி பிடித்துக்கொண்டு நின்றார். வீதியைப் பார்த்தபடி, "கறுப்புத்தான் தின்னும்," என்றார். "வெள்ள தின்னாது."

ரமணி நின்றாள்.

"ரீல் முடியப் போறப்ப ஸ்கிரீன்ல வலப்பக்க மேல் மூலையில ஒரு புள்ளி வந்து போவும். கொஞ்சம் செல்ல இன்னொரு புள்ளி. அதக் கண்டுதான் நான் மத்த மெசின ஓட விடுற. இடைவேளைக்குப் பொறகு மொத தரம் வார ரெண்டாவது புள்ளியில இருந்து அறுபது எண்ணினா, ஹீரோ குனிவான்." பீடியை எறிந்தார். "நான் ஒண்டும் செல்லல்ல."

அம்மாவின் பாயில் விரித்திருந்த வெள்ளைத் துப்பட்டி கோதுமை மா மூட்டைகளைப் பிரித்துத் தைத்தது. நாலு மூட்டை, பல வருஷச் சலவை. ஆலையின் நீல எழுத்துகள் மட்டும் போக மாட்டோம் என்று மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தன. ரமணி அதைத் தோய்த்துக் காயப்போட்டாள். பிறகு தோட்டத்தில் கதவு கதவாகப் போய்ச் சொன்னாள்: "வியாழக்கிழமை மெட்னிக்கு வாங்கோ. அம்மாவைக் காட்டுறன். காட்டாட்டி வாழ்நாள் முழுக்கச் சிரியுங்கோ."

"சிரிக்கிறதுக்கெண்டாலும் வாறன்," என்றாள் இரத்தினம்மா.

சிட்டாள்தான் கடைசிவரை இழுத்தடித்தாள். "விடுடி. நான் நடிச்சேன்னு எனக்குத் தெரியும். முருகனுக்குத் தெரியும்."

"முருகன் உன்னட்ட வடை வாங்குறதில்லையே. உன்ர இடத்துக்கு நீ திரும்பிப் போகவேணும். நீலச் சேலையை உடு."

வியாழக்கிழமை மெட்னி. கடைசி நாள் என்பதால் திரைக்கு முன்னாலுள்ள மலிவு டிக்கட் கெலரி நிறைந்திருந்தது. துப்பட்டியின் மறு முனையைப் பிடிக்க றேமண்ட் ஒத்துக்கொண்டிருந்தான். இடைவேளை முடிந்து விளக்கணைந்ததும் ரமணி மேடையின் பக்கப்படியில் போய்க் குந்திக்கொண்டாள். மடியில் துப்பட்டி. கண் திரையின் வலது மேல் மூலையில். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தாள். முதல் புள்ளி வந்தது. அவள் எழுந்தாள். இரண்டாவது புள்ளி. எண்ணத் தொடங்கினாள்.

முப்பதில் திரும்பிப் பார்த்தாள். றேமண்ட் மேடைப் பக்கம் வரவில்லை. கதவடியில் நின்றான். பால்கனியில் முதலாளி வந்து நின்றதைக் கண்டு அங்கேயே உறைந்து போயிருந்தான். நாற்பது. ரமணி மேடையில் ஏறினாள்.

கெலரி ஊளையிட்டது. "அடியே, யாரு நீ? எறங்கு!" "ஏய், ஹீரோயின் வந்திட்டா டோய்!" துப்பட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தால் மறு முனை சுருண்டு விழுந்தது. பட்டம் வாங்கி என்ன பயன், கை இரண்டுதானே. ஐம்பது.

"தள்ளும், தள்ளும்!" இரத்தினம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள். "சீலை காயப்போடத் தெரியாத பட்டதாரி. இஞ்சால தாரும் மற்ற முனையை. இழும்!"

இழுத்தார்கள். கறுப்புத் துணிக்கு முன்னால், இடது மூலையில், வெள்ளைத் துப்பட்டி விறைத்து நின்றது.

கதாநாயகன் குனிந்தான்.

கிட்ட நின்ற ரமணிக்கு முகம் தெரியவில்லை. துணியில் ஒரு பெரிய கன்னமும், நிலவுத் துண்டுபோல மூக்குத்தியும், அவற்றின் குறுக்கே மா ஆலையின் நீல எழுத்தும்தான் தெரிந்தன. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஊளை நின்றிருந்தது. முன்வரிசையில் நீலச் சேலையோடு சிட்டாள் எழுந்து நின்றாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"டேய்! ஜம்பட்டா வீதி வடைம்மாடா!"

"வடைம்மா!" "மெய்தாண்டா, வடைம்மாதான்!" விசில் பறந்தது.

"அது எங்கட அம்மா!" என்று ரமணி கத்தினாள். யாருக்கும் கேட்டிருக்காது. வெள்ளவத்தை வரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் கத்தினாள்.

எட்டு விநாடி முடிந்தது. பாட்டுத் தொடங்கியது. இரத்தினம்மா மூச்சு வாங்கிக்கொண்டு துப்பட்டியை இறக்கப் போனாள். அந்த நேரத்தில் துணியில் இரண்டு பாதங்கள் வந்து குதித்தன. நாயகியின் பாதங்கள். மூன்று வருஷமாக அந்தத் தியேட்டருக்குள் வராத பாதங்கள்.

கெலரி எழுந்து நின்றது. பிறகு கூரை பறக்கக் கத்தியது. "கால்டா! கால்!" "கக்குல் பென்னப்பங்!" என்று ஒருவன் சிங்களத்தில் கூவினான். "காலைக் காட்டு! துணிய எறக்காதே!"

நாயகி வலப்பக்கம் ஆடிப் போனாள். பாதம் துணியை விட்டுக் கறுப்புக்குள் மறைந்தது. "அந்தப் பக்கம் போ! ஓடு!" என்று கெலரி கட்டளையிட்டது. ரமணியும் இரத்தினம்மாவும் துப்பட்டியோடு நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடினார்கள். நாயகி இடப்பக்கம் திரும்பினாள். இவர்களும் திரும்பினார்கள். "இவளுக்கு ஒரு இடத்தில நிண்டு ஆடத் தெரியாதே?" என்று இரத்தினம்மா திட்டினாள். பாட்டு முடிந்தபோது இருவருக்கும் தோள் கழன்றது. பால்கனியில் ஏகப்பன் இன்னும் நின்றார். கதிரை ஒன்றும் உடையவில்லை. ஆனால் கெலரி முழுவதும் அவர் பக்கம் திரும்பி, "மொதலாளி! கால் எங்க மொதலாளி?" என்று தாளம்போட்டது.

மறுநாள் வேறு படம் வந்தது. அதற்கும் கெலரி கால் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கறுப்புத் துணி போய், கரிந்த இடத்தில் வெள்ளைத் துணி ஒட்டி வெள்ளை பூசியிருந்தார்கள். ஒட்டுத் தெரிந்தது. பரவாயில்லை, காலும் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை படம் முடிந்து சிட்டாளும் ரமணியும் வீட்டுக்கு நடந்தார்கள். ஜம்பட்டா வீதியில் தன் பழைய இடம் வந்ததும் சிட்டாள் நின்றாள்.

"அவ சலங்கையே கட்டலை, பாத்தியா?"

"யார்?"

"ஆடினாளே, அவதான். ஜல்ஜல்னு சத்தம் மட்டும். வெறுங்கால்." சிட்டாள் தலையை ஆட்டினாள். "அவளுக்குச் சலங்கைச் சத்தம் வேற யாரோ குடுத்திருக்காங்க. எனக்குக் குரல் குடுத்த மாதிரி."

"உம்மட மூக்குத்தியைக் கண்டம் சிட்டாள்," என்றாள் பின்னால் வந்த இரத்தினம்மா, தோளைப் பிடித்துக்கொண்டு. "ஆனா மூஞ்சி முழுக்க மாக் கம்பனிப் பேர். அடுத்த முறை நல்ல துணி வாங்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் சிட்டாள் தன் பழைய இடத்திலேயே குந்தினாள்.

சனிக்கிழமை ரமணி வெள்ளவத்தைக்குப் போனபோது கையில் ஒரு கடதாசிப் பொட்டலம் இருந்தது. டொக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்து வைத்தாள். நேசமலர் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரமணி, வடையோ?"

"ஓம். அண்டைக்குப் படத்தில ஒரு வடைக்காரியைக் கண்டு சிரிச்சியள் எல்லோ? அது எங்கட அம்மா. அவ சுட்ட வடை. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும், சொல்லேல்லை."

நேசமலரின் முகம் சிவந்தது. அவசரமாக ஒரு வடையை எடுத்தாள். எடுத்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்: "சூடா இருக்கே?"

"இல்லை," என்றாள் ரமணி. "நேற்றுச் சுட்டது."